காலையில் 93, மாலையில் 105: ஒட்டகத்தின் தண்ணீர்க் கணக்கு

ஜூன் மாதச் சஹாரா. நாலைந்து நாளாகத் தண்ணீர் காட்டாத ஓர் ஒட்டகம் மணலில் மண்டிபோட்டு உட்கார்ந்திருக்கிறது. விடியற்காலையில் அதன் உடல் வெப்பத்தைப் பார்த்தால் 93 டிகிரி பாரன்ஹீட். வெயில் ஏற ஏற அதுவும் ஏறி, சாயங்காலம் 105-ஐத் தொடுகிறது. ராத்திரி முழுக்க இறங்கி, மறுநாள் விடியும்போது மறுபடியும் 93.

நம் வீட்டில் ஒருவருக்கு இப்படி இருந்தால்? 100 காட்டினாலே பாரசிட்டமால் தேடுகிறோம். 105 என்றால் நெற்றியில் ஈரத்துணியோடு ஆட்டோ பிடிக்கிறோம். 93-க்கு இறங்கினாலும் ஆபத்துதான்: உடம்பு நடுங்கி, பேச்சு குழறி, அவசரப் பிரிவுக்குத் தூக்கிக்கொண்டு ஓட வேண்டிய நிலை. ஒட்டகமோ இரண்டையும் ஒரே நாளில் பார்த்துவிட்டுச் சாவகாசமாக அசைபோட்டுக்கொண்டிருக்கிறது.

இந்தப் பன்னிரண்டு டிகிரி ஏற்ற இறக்கம் எதற்கு என்று புரிந்துவிட்டால், ஒட்டகம் பாலைவனத்தில் எப்படித் தாக்குப்பிடிக்கிறது என்பதில் பாதி விளங்கிவிடும். மீதி அதன் மூக்கிலும் ரத்தத்திலும் சிறுநீரகத்திலும் இருக்கிறது. எல்லோரும் விரல் நீட்டிக் காட்டும் திமிலுக்கு இந்தக் கதையில் சின்ன வேடம்தான்.

ஒட்டகத்தைப் பற்றிப் பல நூற்றாண்டுகளாகக் கதைகள் ஏராளமாக இருந்தன, எண்கள்தான் இல்லை. அந்த எண்களைத் தேடி 1953-ல் அல்ஜீரியாவின் பெனி அப்பாஸ் என்ற பாலைவனச் சோலைக்குப் போனவர் க்னூட் ஷ்மிட்-நீல்சன், நார்வேயில் பிறந்த உடலியல் அறிஞர். கூடவே மனைவி போடில். அவரும் உடலியல் ஆய்வாளர், நோபல் பரிசு பெற்ற ஆகஸ்ட் குரோவின் மகள். ஒட்டகத்துக்குத் தண்ணீர் கொடுக்காமல் வைத்து, எடை பார்த்து, ஆசனவாயில் தெர்மாமீட்டர் வைத்து, குடித்த தண்ணீரையும் கழித்த சிறுநீரையும் அளந்து குறித்துக்கொண்டே இருந்தார்கள். கடிக்கவும் உதைக்கவும் தயங்காத ஒரு பிராணியிடம் இதைச் செய்வதற்குப் படிப்பு மட்டும் போதாது. இன்று ஒட்டகத்தைப் பற்றிப் பாடப்புத்தகங்களில் வரும் பல விஷயங்களுக்கு அந்தச் சஹாரா நோட்டுப்புத்தகங்கள்தான் மூலம்.

பானையும் மொட்டை மாடியும்

முதலில் நம் உடம்பைப் பார்ப்போம். மனித உடம்பு 37 டிகிரி செல்சியஸில் பிடிவாதமாக நிற்கும். (இனி செல்சியஸிலேயே பேசுவோம். 93 பாரன்ஹீட் என்பது சுமார் 34. 105 என்பது 40-க்குக் கொஞ்சம் மேல்.) வெளியே 45 டிகிரி கொளுத்தினாலும் உள்ளே 37 இருந்தாக வேண்டும். அதற்கு நம்மிடம் இருக்கும் பெரிய வழி வியர்வை. மண்பானை தண்ணீரைக் குளிரவைக்கும் அதே வித்தை: பானையின் ஓட்டில் கசியும் நீர் ஆவியாகும்போது உள்ளிருக்கும் சூட்டையும் எடுத்துக்கொண்டு போகிறது. ஒரு லிட்டர் வியர்வை முழுதாக ஆவியானால் சுமார் 580 கிலோகலோரி வெப்பத்தைக் கொண்டுபோய்விடும்.

அருமையான ஏற்பாடுதான், குழாயில் தண்ணீர் வரும்வரை. பாலைவன வெயிலில் நடக்கும் மனிதனுக்கு ஒரு மணி நேரத்தில் ஒரு லிட்டருக்கு மேல் வியர்த்துக் கொட்டும். குடிக்கத் தண்ணீர் இல்லையென்றால் அந்தக் கணக்கு ஒரே பகலில் முடிந்துவிடும்.

ஒட்டகத்துக்கும் வியர்க்கும். வியர்க்காது என்று சிலர் சொல்வது தவறு. ஆனால் அது வியர்க்கத் தொடங்குவதைத் தள்ளிப்போடுகிறது. 37-ஐத் தாண்டியதும் நம் உடம்பு பதறுகிற மாதிரி அது பதறுவதில்லை. சூடு ஏறட்டும் என்று விட்டுவிடுகிறது. 38, 39, 40 வரை போகட்டும். அதற்கும் மேல் போகும்போதுதான் வியர்வையைச் செலவழித்துத் தடுக்கிறது.

அப்படிச் சேர்ந்த சூடு எங்கே போகும்? நம் ஊர் மொட்டை மாடியை நினைத்துக்கொள்ளுங்கள். பகல் முழுக்க வெயிலைக் குடித்துக்கொண்டே இருக்கும். சாயங்காலம் வெறுங்காலை வைக்க முடியாது. ராத்திரி காற்று குளிர்ந்ததும் அந்தச் சூட்டை மெல்ல மெல்ல வானத்துக்கே திருப்பிக் கொடுத்துவிடும். விடியற்காலையில் பாய் விரித்தால் ஜில்லென்று இருக்கும். ஒட்டகத்தின் உடம்பும் இதைத்தான் செய்கிறது. பாலைவனத்தில் பகல் எவ்வளவு கொடுமையோ அவ்வளவுக்கு ராத்திரி குளிர். பகலில் சேர்த்த வெப்பம் அந்தக் குளிரில் ஒரு சொட்டுத் தண்ணீர் செலவில்லாமல் வெளியேறிவிடுகிறது. அதுவும் வழக்கமான அளவோடு நிற்காமல் 34 வரை இறங்கிவிடுகிறது. மறுநாள் வெயிலை வாங்கிக்கொள்ள அவ்வளவுக்கு இடம் காலியாகிறது.

இதில் எவ்வளவு மிச்சம் என்று நாமே கணக்குப் போடலாம். 500 கிலோ ஒட்டகத்தின் உடம்பு ஒரு டிகிரி சூடாக ஏறத்தாழ 400 கிலோகலோரி வேண்டும். ஆறு டிகிரி ஏற 2,400. அதை வியர்வையால் வெளியேற்ற வேண்டியிருந்தால் நாலு லிட்டருக்கு மேல் தண்ணீர் போயிருக்கும். ஒவ்வொரு நாளும் நாலு லிட்டர்.

இன்னொரு லாபமும் இருக்கிறது. சூடு எப்போதும் அதிகமான இடத்திலிருந்து குறைவான இடத்துக்குத்தான் பாயும். வித்தியாசம் எவ்வளவோ அவ்வளவு வேகம். வெளியே 45, உடம்பு 37 என்றால் வித்தியாசம் எட்டு. உடம்பே 41-க்கு ஏறிவிட்டால் வித்தியாசம் வெறும் நாலு. உள்ளே வரும் சூடே பாதியாகிவிடுகிறது.

இந்த வித்தைக்கு உடம்பு பெரிதாக இருக்க வேண்டும். டம்ளர் காப்பி ஐந்து நிமிஷத்தில் ஆறிவிடும். கல்யாண வீட்டு அண்டாவில் இருப்பது ஆற மணிக்கணக்காகும். சூடேறுவதும் அப்படியே. ஓர் எலி இப்படி வெயிலில் உட்கார்ந்தால் கொஞ்ச நேரத்தில் வெந்துவிடும். அதனால் பெரும்பாலான பாலைவன எலிகள் பகலில் வளையை விட்டு வெளியே வருவதில்லை. ஒட்டகம் அண்டா. அது 41-ஐத் தொடுவதற்குள் சூரியன் மேற்கே சாய்ந்துவிடும்.

பெனி அப்பாஸில் தெரிந்த இன்னொரு விஷயம் எனக்கு ரொம்பப் பிடிக்கும். தினமும் தண்ணீர் குடிக்கும் ஒட்டகத்தின் உடல் வெப்பம் இப்படி ஆடுவதில்லை; காலைக்கும் மாலைக்கும் இரண்டு டிகிரி வித்தியாசம்தான். தண்ணீர் கிடைக்காதபோதுதான் ஆறு டிகிரி வரை ஆடுகிறது. கையில் காசு இருக்கும்போது ஏசி, மாசக் கடைசியில் விசிறி மட்டை.

சரி, 41 டிகிரியில் மூளை என்ன ஆகும்? நமக்குக் காய்ச்சல் தலைக்கேறினால் பிதற்றுகிறோம். ஒட்டகத்தின் தலைக்குப் போகும் தமனி, மூளைக்குக் கீழே மெல்லிய குழாய்களாகப் பிரிந்து ஒரு வலைபோல ஆகிறது. மூக்கின் ஈரச் சவ்வில் குளிர்ந்து திரும்பும் சிரை ரத்தம் அந்த வலையைச் சுற்றி ஓடுகிறது. சூடான ரத்தம் அதனருகே கடந்துபோகும்போது கொஞ்சம் ஆறிவிட்டுத்தான் மூளைக்குள் நுழைகிறது. உடம்பு கொதித்தாலும் தலை அந்த அளவுக்குச் சூடாவதில்லை.

வெயிலுக்குக் கம்பளி

நம் ஊரில் கிடை போடும் கீதாரிகள் கோடை வெயிலிலும் தோளில் கம்பளி போட்டுக்கொண்டு ஆட்டின் பின்னால் நடப்பதைப் பார்த்திருப்பீர்கள். பைத்தியமா என்று தோன்றும். ஒட்டகத்தைக் கேட்டால் கீதாரி பக்கம்தான் பேசும்.

கோடையில் ஒட்டகம் குளிர்கால ரோமத்தைத் திட்டுத் திட்டாக உதிர்த்துவிடும். ஆனால் முதுகிலும் திமிலிலும், அதாவது வெயில் நேராக விழும் இடங்களில், கணிசமான ரோமம் மிஞ்சியிருக்கும். உச்சி வெயிலில் ரோமத்தின் மேல்நுனி 70 டிகிரிக்குச் சூடாகிறது. அதற்கு அடியில் தோல் 40 டிகிரி பக்கத்தில்தான் இருக்கிறது. நடுவில் இருக்கும் சில சென்டிமீட்டர் ரோமமும் அதில் சிக்கிய காற்றும் அந்த முப்பது டிகிரியை மறித்து நிற்கின்றன.

இதைச் சோதிக்க ஷ்மிட்-நீல்சன் குழுவினர் ஓர் ஒட்டகத்துக்கு மொட்டை அடித்துவிட்டார்கள். ரோமம் உள்ள ஒட்டகத்தைவிட அது ஒன்றரை மடங்கு தண்ணீரை இழந்தது. ரோமத்துக்கு அடியில், தோலை ஒட்டியே வியர்வை ஆவியாவதும் ஒரு சிக்கனம்: போகிற ஆவி தோலின் சூட்டைத்தான் எடுத்துக்கொண்டு போகிறது, வெளிக்காற்றின் சூட்டை அல்ல.

உட்காரும் விதத்திலும் கணக்கு உண்டு. தண்ணீர் கிடைக்காத ஒட்டகம் காலையில் தரை ஆறியிருக்கும்போதே கால்களை மடித்து உட்கார்ந்து, அதே இடத்தைப் பிடித்துக்கொள்ளும். எழுந்து இடம் மாறினால் காய்ந்த மணலில் அல்லவா உட்கார வேண்டும்? முகத்தைச் சூரியனுக்கு நேராக வைத்துக்கொள்வதால் விலாப்பக்கம் முழுதும் வெயிலில் விழாது. நெஞ்சின் கீழே தோல் தடித்துக் கட்டைபோல இருக்கும். அது முட்டுக்கொடுப்பதால் வயிற்றுக்கும் தரைக்கும் இடையே காற்றுப் புக இடைவெளி கிடைக்கிறது. பல ஒட்டகங்கள் ஒன்றோடொன்று ஒட்டி உட்காருவதும் இதற்காகவே. கூட்டம் சேர்ந்தால் புழுங்கும் என்பது நம் அனுபவம். அங்கே பக்கத்து ஒட்டகத்தின் உடம்பு 40 டிகிரி, வெயிலில் காயும் மணல் அதைவிடப் பல டிகிரி அதிகம். எதன் பக்கத்தில் உட்காருவது நல்லது?

மணல் தடுக்கும் இரட்டை வரிசை இமைமுடி, நினைத்தபோது மூடிக்கொள்ளும் நாசித் துவாரம், மணலில் புதையாத அகன்ற பாதம் எல்லாம் பள்ளிக்கூடத்திலேயே படித்தவை. அவற்றை விட்டுவிட்டு, அந்த நாசித் துவாரத்துக்குள் போவோம், அங்கேதான் வேடிக்கை.

மூக்கு

குளிர்நாளில் வாயைத் திறந்து ஊதினால் புகை வருகிறதே, அது நம் உடம்பு இழக்கும் தண்ணீர். ஒவ்வொரு மூச்சிலும் காய்ந்த காற்றை இழுத்து, நுரையீரலில் ஈரமாக்கி, அந்த ஈரத்தோடேயே வெளியே விடுகிறோம். நாள் முழுக்க இப்படிப் போவது கொஞ்சமல்ல. வியர்வையை மிச்சம் பிடித்துவிட்டு மூச்சில் கோட்டை விட்டால் என்ன பிரயோஜனம்?

இட்லிப் பானையின் மூடியைத் திறந்தால் உட்பக்கம் முத்து முத்தாகத் தண்ணீர் நிற்கும். ஆவி, தன்னைவிடக் குளிர்ந்த பரப்பில் பட்டால் தண்ணீராகத் திரும்பிவிடும். ஒட்டகத்தின் மூக்குக்குள் அப்படி ஒரு மூடி இருக்கிறது. மெல்லிய எலும்புத் தகடுகள் சுருள் சுருளாகச் சுற்றி, மேலே ஈரச் சவ்வு போர்த்தியிருக்கும். அதன் மொத்தப் பரப்பு சுமார் 1,000 சதுர சென்டிமீட்டர். நம் மூக்கில் அது 160 அளவுதான்: ஏறத்தாழ ஒரு தபால் அட்டை. ஒட்டகத்துக்கு ஒன்றரை ஏ4 தாள்.

ராத்திரியில் குளிர்ந்த, காய்ந்த காற்று உள்ளே போகும்போது அந்தச் சவ்விலிருந்து ஈரத்தை எடுத்துக்கொள்கிறது, சவ்வு குளிர்ந்துவிடுகிறது. அந்தக் காற்று நுரையீரலுக்குப் போய்ச் சூடும் ஈரமுமாகத் திரும்பி வரும்போது, குளிர்ந்த சவ்வில் உரசி, ஈரத்தில் பெரும்பங்கை அங்கேயே விட்டுவிட்டு வெளியேறுகிறது. அடுத்த மூச்சு அந்த ஈரத்தையே மறுபடி எடுத்துப் பயன்படுத்துகிறது. 

இந்த அளவுக்கு வேறு சில பாலைவனப் பிராணிகளும் செய்யும். ஒட்டகம் இன்னும் ஒரு படி மேலே போவது 1981-ல் வெளியான ஆய்வில் தெரிந்தது. ஷ்மிட்-நீல்சனோடு ஷ்ரோட்டர், ஷ்கோல்னிக் என்ற இருவர் சேர்ந்து செய்தது. தண்ணீர் இல்லாத ஒட்டகம் ராத்திரியில் வெளியே விடும் காற்று குளிர்ந்திருந்தது மட்டுமல்ல, அது முழு ஈரத்தோடுகூட இல்லை. ஈரச் சவ்வின் மேல் ஓடிவரும் காற்றில் ஈரம் நிறைந்தல்லவா இருக்க வேண்டும்? காரணம், உடம்பில் தண்ணீர் குறையக் குறைய அந்தச் சவ்வின் மேற்பரப்பு காய்ந்து பொருக்காகிவிடுகிறது. மழைக்காலத்தில் உப்பு ஜாடியில் உப்பு கசிகிற மாதிரி, காய்ந்த பொருக்கு காற்றிலிருக்கும் ஈரத்தைத் தானாக உறிஞ்சிக்கொள்கிறது. குளிரவைத்து எடுத்தது போக மிச்சத்தையும் உறிஞ்சி எடுத்துவிட்டுத்தான் மூச்சை வெளியே விடுகிறது. இவ்வளவு கஞ்சத்தனத்தை நான் வேறெங்கும் கண்டதில்லை.

திமிலில் என்ன இருக்கிறது?

கொழுப்பு. நன்றாக மேய்ந்த ஒட்டகத்தின் திமிலில் 35 கிலோ வரைகூட இருக்கும். பட்டினி கிடந்தால் அது கரைந்து, திமில் ஒரு பக்கமாகத் தொங்கிப்போகும். ஆக, அது தண்ணீர்த் தொட்டி அல்ல, நெல் குதிர்.

இந்த இடத்தில் விவரம் தெரிந்த ஒருவர் கையைத் தூக்குவார்: “கொழுப்பு எரிந்தால் தண்ணீர் உண்டாகுமே? ஒரு கிலோ கொழுப்புக்கு ஒரு லிட்டருக்கும் மேல் தண்ணீர் வருமே?” உண்மைதான். ஆனால் கொழுப்பை எரிக்க ஆக்ஸிஜன் வேண்டும். ஆக்ஸிஜனுக்காகக் கூடுதலாக மூச்சு விட வேண்டும். காய்ந்த காற்றில் கூடுதல் மூச்சு என்றால் கூடுதல் தண்ணீர் இழப்பு. கூட்டிக் கழித்தால் கையில் மிஞ்சுவது ஒன்றும் பெரிதாக இல்லை. தண்ணீருக்காக ஒட்டகம் திமிலைச் சுமக்கவில்லை.

ஆனால் கொழுப்பெல்லாம் ஒரே இடத்தில் குவிந்திருப்பதில் வேறு ஒரு நன்மை இருக்கிறது. கொழுப்பு ஒரு போர்வை. பன்றிக்கும் திமிங்கலத்துக்கும் இருப்பதுபோல உடம்பு முழுக்கத் தோலுக்கடியில் பரவியிருந்தால் ராத்திரி சூடு வெளியேற வழியில்லாமல் போகும். போர்வையை மடித்து முதுகில் வைத்துக்கொண்டதால் வயிறும் விலாவும் காலும் தாராளமாகச் சூட்டை வெளியே விட முடிகிறது.

வயிற்றில் தண்ணீர் சேர்த்துவைக்கிறது என்று இன்னொரு கதை. தாகத்தில் தவித்த பயணிகள் ஒட்டகத்தைக் கொன்று வயிற்றுத் தண்ணீரைக் குடித்துப் பிழைத்ததாகக் கதைகளில் வரும். வெட்டிய ஒட்டகங்களின் இரைப்பையைப் பெனி அப்பாஸில் பார்த்தார்கள். அரைபட்ட தழையும் பச்சை நிறத்தில் ஒரு சாறும் இருந்தன. அந்தச் சாற்றின் உப்பு ஏறத்தாழ ரத்தத்தின் அளவு. மாட்டின் வயிற்றில் இருப்பதுபோல அது செரிமானத்துக்கான நீர், அவ்வளவுதான். உயிர் போகிற தாகத்தில் ஒருவன் அதையும் குடிப்பான். அதற்காக அதைச் சேமிப்புத் தொட்டி என்று சொல்ல முடியாது.

காய்ந்தாலும் ஓடும் ரத்தம்

எவ்வளவு சிக்கனமாக இருந்தாலும் தண்ணீர் குறைந்துகொண்டுதான் இருக்கும். ஒட்டகத்தின் அடுத்த திறமை, குறைவைத் தாங்குவது.

கொளுத்தும் வெயிலில் ஒரு மனிதன் தன் எடையில் 12 சதவீதம் அளவுக்குத் தண்ணீரை இழந்தால் பிழைப்பது அரிது. சாவு வருவது தாகத்தால் என்றுதான் நினைப்போம். உண்மையில் கொல்வது சூடு. ரத்தத்தில் நீர் குறையக் குறைய அது பாகுபோல் கெட்டியாகிறது. இதயத்தால் அதை வேகமாகத் தள்ள முடியவில்லை. உள்ளிருக்கும் சூட்டைத் தோலுக்குக் கொண்டுவந்து சேர்ப்பது ரத்தம்தான் என்பதால், அந்த வண்டி மெதுவானதும் சூடு உள்ளேயே தேங்குகிறது. பிறகு உடல் வெப்பம் திடீரென்று எகிறி, கொஞ்ச நேரத்தில் எல்லாம் முடிந்துவிடுகிறது.

ஒட்டகம் தன் எடையில் கால்பங்கு தண்ணீரை இழந்தும் எழுந்து நடக்கும். 500 கிலோ ஒட்டகம் 125 லிட்டரை இழந்துவிட்டு நிற்கிறது என்றால் யோசித்துப் பாருங்கள். விலா எலும்பு எண்ணலாம், வயிறு ஒட்டிப்போயிருக்கும், ஆனால் சாகாது. காரணம், தண்ணீர் குறைவது பெரும்பாலும் சதையிலிருந்தும் குடலிலிருந்தும் செல்களிலிருந்தும்தான். சஹாராவில் அளந்தபோது, உடம்பு அவ்வளவு வற்றிய பிறகும் ரத்தத்தின் நீர் சுமார் பத்தில் ஒரு பங்குதான் குறைந்திருந்தது. வீட்டில் என்ன தட்டுப்பாடு வந்தாலும் குழந்தையின் பாலில் மட்டும் கைவைக்காத தாய்மாதிரி, ரத்தத்தை மட்டும் கடைசிவரை காப்பாற்றுகிறது.

அப்புறம் ஒருநாள் கிணறு வரும். அப்போது ஒட்டகம் குடிப்பதைப் பார்க்க வேண்டும். பத்து நிமிஷத்தில் 100 லிட்டர் குடித்தது பதிவாகியிருக்கிறது. நம் தெருவில் லாரித் தண்ணீருக்கு வரிசையில் வைக்கும் பிளாஸ்டிக் குடம் இருக்கிறதே, அதில் ஆறேழு குடம். ஒட்டிய வயிறு கண்முன்னே உப்பி, பழைய உருவத்துக்கு வந்துவிடும். தன் உடம்பில் எவ்வளவு குறைந்ததோ ஏறத்தாழ அவ்வளவைத்தான் குடிக்கிறது என்பதைக் கவனிக்க வேண்டும். அது போன பயணத்தின் கடனை அடைப்பது. வரப்போகும் பயணத்துக்கு முன்பணம் கட்டுவதில்லை.

வற்றிய உடம்பில் இப்படித் திடீரென்று தண்ணீரை ஊற்றினால் பல பிராணிகளுக்கு ஆபத்து. ரத்தம் நீர்த்துப்போகும், உப்பு குறைந்த நீர் சிவப்பணுக்களுக்குள் புகும், அவை உப்பி வெடிக்கும். நம் சிவப்பணு வட்டத் தட்டு. ஒட்டகத்தின் சிவப்பணு நீள்வட்டம், கிட்டத்தட்ட அவல்மாதிரி. அதன் சவ்வு பழைய அளவைப்போல் இரண்டு மடங்குக்கு மேல் உப்பினாலும் கிழியாது. ரத்தம் கெட்டியாக இருக்கும் நாட்களில் அந்த நீள்வட்ட வடிவம் குறுகிய குழாய்களில் நழுவிப்போக வசதி என்றும் சொல்கிறார்கள்.

சிறுநீரகத்தின் பங்கைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். ஒட்டகத்தின் சிறுநீர் நம்முடையதைப்போல் இரண்டு மடங்குக்கு மேல் அடர்த்தியாகும். தண்ணீர் இல்லாத நாட்களில் அதுவும் மிகக் கொஞ்சம்தான் வரும். நாம் சிறுநீரில் வெளியேற்றும் யூரியாவைக்கூட அது வீணாக்குவதில்லை. தீனியில் புரதம் குறைந்தால் யூரியாவை இரைப்பைக்கே திருப்பி அனுப்பி, அங்கிருக்கும் நுண்ணுயிர்களைக் கொண்டு புரதமாக மாற்றிக்கொள்கிறது. சாணம் சின்னச் சின்னக் காய்ந்த உருண்டைகளாக விழும். மாட்டுச் சாணத்தைப்போல வரட்டி தட்டி நாள்கணக்கில் உலர்த்த வேண்டியதில்லை.

இப்படி ஒரு சிறுநீரகம் இருப்பதால் உப்புத் தீனிக்கும் அது பயப்படுவதில்லை. குஜராத்தின் கட்ச் கடலோரத்தில் காராய் என்ற ஒட்டக இனம் கடலில் நீந்திப்போய் அலையாத்திக் காட்டுத் தழைகளை மேய்கிறது. சீனாவின் லோப் நூர் பக்கத்தில் மிஞ்சியிருக்கும் காட்டு ஒட்டகங்கள் உப்பு ஊற்றுத் தண்ணீரையே குடிக்கின்றன.

தீனி என்றதும் ஒரு சங்கப் பாடல் நினைவுக்கு வருகிறது. பாலை நிலத்தில் உலர்ந்து கிடக்கும் வெள்ளெலும்பைத் தின்று பசியாறும் ஒட்டகம் அதில் வருகிறது. தழை தின்னும் பிராணிக்கு எலும்பா, புலவர் கற்பனை போலிருக்கிறது என்று சிரிக்கத் தோன்றும். ஆனால் மேய்ச்சலில் பாஸ்பரஸ் குறைந்தால் ஒட்டகம் எலும்பைத் தேடிக் கடிப்பது உண்மை. ஒட்டகம் வளர்ப்பவர்களுக்குத் தெரிந்த விஷயம். இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன்னால் யாரோ அதை நேரில் பார்த்திருக்க வேண்டும், அல்லது பார்த்தவரிடம் கேட்டிருக்க வேண்டும்.

இவ்வளவு கறாரான பிராணி ஓரிடத்தில் மட்டும் தாராளமாகிவிடுகிறது. இஸ்ரேலின் நெகேவ் பாலைவனத்தில் ரூவன் யாகில் என்பவர் தண்ணீர் கிடைக்காத தாய் ஒட்டகங்களின் பாலைச் சோதித்தார். தாய் வற்றியிருக்கும்போது பால் கெட்டியாகும் என்றுதானே எதிர்பார்ப்போம்? நேர்மாறாக, பாலில் தண்ணீர் கூடியிருந்தது: 86 சதவீதத்திலிருந்து 91-க்கு. சிறுநீரிலும் மூச்சிலும் சாணத்திலும் பிடித்துவைத்த தண்ணீரைக் கன்றுக்குப் பாலில் கலந்து கொடுக்கிறது. கன்றோடு சேர்ந்து மனிதர்களும் அதில் பங்குபெறுகிறார்கள். ராஜஸ்தானில் தலைமுறை தலைமுறையாக ஒட்டகம் வளர்க்கும் ராய்கா மக்கள் மேய்ச்சலுக்குப் போகும்போது ஒட்டகப் பாலை நம்பித்தான் போவார்கள்.

பாலைவனத்துக்கே செய்ததா?

இவ்வளவையும் படித்தால் பாலைவனத்தை மனதில் வைத்துத் தச்சன் செய்து கொடுத்த உடம்பு போலத் தோன்றும். ஆனால் ஒட்டகக் குடும்பம் பிறந்தது வட அமெரிக்காவில், 4 கோடி ஆண்டுகளுக்கும் முன்னால். அங்கிருந்து ஒரு கிளை தெற்கே போய் ஆண்டிஸ் மலையின் லாமாவும் அல்பாகாவும் ஆனது. இன்னொரு கிளை சைபீரியா வழியாக ஆசியாவுக்கு வந்தது. கனடாவின் வடகோடியில், எல்ஸ்மியர் தீவில், 35 லட்சம் ஆண்டுகளுக்கு முந்தைய ராட்சத ஒட்டகம் ஒன்றின் எலும்புகள் கிடைத்ததாக 2013-ல் அறிவித்தார்கள். மாசக்கணக்கில் இருட்டும் பனியுமாக இருக்கும் இடம். அங்கே நீண்ட குளிர்காலத்தைக் கடத்தக் கொழுப்புக் குதிர் உதவியிருக்கும். பனியில் புதையாமல் நடக்க அகன்ற பாதம் உதவியிருக்கும். திமிலும் பாதமும் முதலில் பனிக்காக வந்து, பிற்பாடு மணலுக்குப் பயன்பட்டிருக்கலாம் என்பது ஆய்வாளர்களின் ஊகம். அந்த நீள்வட்டச் சிவப்பணு லாமாவுக்கும் இருக்கிறது; லாமா பாலைவனக் கிணற்றில் 100 லிட்டர் குடிக்கப் போவதில்லை. வேறெதற்கோ வாய்த்ததை ஒட்டகம் இங்கே கொண்டுவந்து பிழைத்துக்கொண்டது.

இத்தனை சாமர்த்தியமும் எங்கும் செல்லும் காசோலை அல்ல என்பதையும் சொல்லிவிட வேண்டும். மூக்கின் வித்தைக்குக் காய்ந்த காற்று வேண்டும். மொட்டை மாடி வித்தைக்குக் குளிர்ந்த ராத்திரி வேண்டும். ராஜஸ்தானத்துப் பீகானேரில் இரண்டும் கிடைக்கும். நம் கடற்கரை ஊர்களின் மே மாதத்தில் இரண்டுமே கிடையாது. நள்ளிரவிலும் காற்று 30 டிகிரி, அதில் ஈரம் வழிகிறது, மொட்டை மாடி விடியும்வரை கொதிக்கிறது. பகலில் சேர்த்த சூட்டை இறக்கிவைக்க ஒட்டகத்துக்கு இடமே இல்லை; வியர்த்தாலும் அது லேசில் ஆவியாகாது. விடுமுறையில் பொருட்காட்சியிலும் கடற்கரையிலும் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு நடக்கும் ஒட்டகத்தைப் பார்த்து, “அதுக்கென்ன, பாலைவனத்துப் பிராணி, பத்து நாள் தண்ணீர் இல்லாம இருக்கும்” என்று யாராவது சொன்னால், அந்தப் பத்து நாள் கணக்கு இந்த ஊருக்குப் போட்டதல்ல. இங்கே அதற்கும் மாட்டைப்போலத் தினமும் தண்ணீர் காட்டியாக வேண்டும்.